வெறும் வயிற்று மாத்திரை

மருத்துவமனையில் இருந்த நாட்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி வலியைப் பற்றியதல்ல. "வெளியே என்ன சாப்பிட்டே?" என்பதுதான். சேர்க்கைச் சீட்டு எழுதியவர் கேட்டார். ரத்தம் எடுக்க வந்தவர் கேட்டார். படுக்கை விரிப்பு மாற்ற வந்த ஆயா கேட்டார். பார்க்க வந்த உறவினர்களில் பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் கேட்காமலே பதிலையும் சொல்லிவிட்டார்கள். இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, கையில் சம்பளம். அப்படிப்பட்ட பெண்ணுக்கு வயிறு கெட்டால் அது அவள் நடத்தையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

நான் வெளியே எதுவும் சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை. அவர் என்னைவிட மோசமாகக் கிடந்தார், ஆனால் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கள் வீடு அண்ணனூரில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நான்கு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. அம்மா வள்ளி. மூன்றாவது ஆள் நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் பழுதாகித் திரும்பி வந்தால், ஏன் பழுதானது என்று தேடி எழுதுவது என் பொறுப்பு. பழுதானவை ஒரு பக்கம், நல்லவை ஒரு பக்கம் என்று அட்டவணை போட்டு, இரண்டுக்கும் எதில் வித்தியாசம் என்று வரி வரியாகப் பார்ப்போம். முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: காரணம் என்ற கட்டத்தில் ஆளின் பெயரை எழுதக் கூடாது. பெயரை எழுதிய நிமிடமே தேடுவது நின்றுவிடும். யாரையாவது திட்டிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள், அதே பழுது அடுத்த மாதம் திரும்ப வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு, ரசம், வெங்காயமும் வெள்ளரியும் போட்ட தயிர்ப் பச்சடி. மூவரும் சாப்பிட்டோம். திங்கள் மாலை வேலை முடிந்து ரயிலில் வரும்போதே எனக்கு வயிறு முறுக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தால் அப்பா அதற்குள் நான்கு முறை போயிருந்தார். எங்கள் வீட்டில் கழிவறை ஒன்றுதான்.

"பாப்பா, டோக்கன் போட்டுக்கலாமா?" என்று சிரித்தார்.

செவ்வாய் முழுக்க இருவருக்கும் காய்ச்சல். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைத் தண்ணீரில் கலந்து அம்மா மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அப்பா குடித்ததில் பாதி வாந்தியில் போனது. செவ்வாய் காலை அவருடைய மாத்திரைகளை வழக்கம்போல எடுத்துக் கொடுத்தது நான்தான். அவரும் ஒன்றும் கேட்காமல் விழுங்கினார். புதன் காலை அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை என்பதை அப்போதுதான் சொன்னார், ஏதோ கூச்சப்பட வேண்டிய விஷயம் போல.

ஆட்டோக்காரர் அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போதே முகம் மாறினார். "இன்னாம்மா, பெரியவரு ஒரு மாதிரியா கீறாரு? இவ்ளோ நேரம் ஊட்லயே வெச்சிகினு இன்னா பண்ணீங்க?"

"சரியாயிடும்னு பாத்தோம்பா" என்றாள் அம்மா.

"சரியாவும், சரியாவும். கெட்டியா புடிச்சிக்கோங்க, நான் சந்துல பூந்து போறேன்."

அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவின் கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே பழைய நிலைக்கு வரவில்லை, மெதுவாகத்தான் படிந்தது. உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ரத்த அழுத்தத்தின் மேல் எண் நூற்றிருபதுக்குப் பதில் எண்பதுதான் இருந்தது. வழக்கமாகப் போடும் மாத்திரைகள் என்ன என்று கேட்டார். என் கைபேசியில் பட்டியல் இருந்தது. "சுகருக்கு ரெண்டு, பிரஷருக்கு ஒண்ணு, கொலஸ்ட்ராலுக்கு ஒண்ணு" என்று அளவோடு, நேரத்தோடு படித்தேன்.

"வேற ஏதாவது?"

"வேற எதுவும் இல்ல, டாக்டர்."

"இவ்ளோ கரெக்டா யாரும் சொல்ல மாட்டாங்க" என்று பாராட்டினார். அந்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை வந்தது. கிரியாட்டினின் என்று ஒன்றைச் சொன்னார்கள். தசைகளில் தினமும் உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டும். ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள். அப்பாவுக்கு இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. "தண்ணி ஏத்திப் பாப்போம். மூத்திரம் இறங்கினா தப்பிச்சோம். இறங்கலன்னா டயாலிசிஸ் பண்ண வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுவது. அதற்குச் சம்மதம் கேட்ட தாளில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டாள். வேகமாக எழுதுபவள், அன்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது தரையின் குளிர்ச்சி.

அப்பா தரைத் தளத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில். நான் இரண்டாவது மாடியில் பெண்கள் வார்டில், கையில் குளுகோஸ் ஊசியோடு. லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும். ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, அம்மா படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் குழாய் வைத்து, மணிக்கொரு முறை எத்தனை மில்லி சிறுநீர் இறங்குகிறது என்று குறித்தார்கள். சிஸ்டர் சொல்லும் எண்ணை மறக்காமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அம்மா மேலே வருவாள். கதவருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "பத்து" என்பாள். நான் தாளில் எழுதிக்கொள்வேன். அடுத்த முறை, "பதினஞ்சு." ஒரு முறை, "அதே." எங்களுக்குள் அந்த இரண்டு நாட்கள் வேறு பேச்சே இல்லை. மணிக்கு நாற்பது, ஐம்பது வந்தால் பிழைத்தார் என்று சொல்லியிருந்தார்கள்.

பக்கத்துப் படுக்கையில் சகுந்தலா அக்கா. வேலப்பன்சாவடியில் கல்லூரிகளுக்குப் போகும் வழியில் தள்ளுவண்டி இட்லிக் கடை வைத்திருப்பவர். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை முடிந்து படுத்திருந்தார். என்னைப் பார்க்க வந்தவர்கள் "ஓட்டல் சாப்பாடு, ரோட்டுக்கடை சாப்பாடு" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அவருக்குச் சுருக்கென்று குத்தும்.

"ஏம்மா, ரோட்டுக்கடை இன்னா பண்ணுச்சு உங்களுக்கு? பத்தொம்போது வருசமா இட்லி ஊத்துறேன். நான் போட்டத துன்னுட்டு ஒருத்தன் படுத்ததில்ல. நான்தான் படுத்துகினு கீறேன்." வந்தவர்கள் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொல்வார்: "பத்து மணிக்கு மேல ஆன சட்னிய அப்பிடியே கீழ ஊத்திடுவேன் கண்ணு. மனசு அடிச்சிக்கும்தான். ஆனா ஒரு புள்ளைக்கு வாந்தி வந்துச்சின்னா கடையே போயிடும். ஊட்ல யாரு ஊத்துறா, சொல்லு? பிரிஜ்ல வெச்சி மூணு நாளைக்கு துன்றோம்."

பேச ஆள் கிடைத்ததில் கொஞ்சம் சிரித்தேன். சிரித்தால் வயிறு வலித்தது.

மலத்தையும் ரத்தத்தையும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எடுத்ததைக் கிருமிக்குப் பிடித்த உணவின் மேல் வைத்து, என்ன வளர்கிறது என்று காத்திருந்து பார்ப்பது. இரண்டு மூன்று நாள் ஆகும். காத்திருக்க எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சிஸ்டரிடம் ஒரு தாள் வாங்கி அட்டவணை போட்டேன். மேலே மூன்று பெயர்: அப்பா, அம்மா, நான். கீழே வெள்ளிக்கிழமையிலிருந்து சாப்பிட்ட ஒவ்வொன்றும். சோறு, இட்லி, கீரை, கோழி, பச்சடி, பால், தண்ணீர். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை.

அட்டவணை எதையும் சொல்லவில்லை. மூவரும் எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தோம். இருவர் படுத்தோம், அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படி ஒரு வரி பொருந்தாமல் நின்றால் அந்த வரியிடம்தான் போய்க் கேட்க வேண்டும். அதுதான் என் தொழில். நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா கோழியைத் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மூன்று தண்ணீர் கழுவியது நினைவுக்கு வந்தது. தொட்டிக்கு ஒட்டினாற்போல மேடையில் பலகை. அதில் வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கி வைத்திருந்தாள். பச்சைக் கோழியில் இருக்கும் கிருமி, தெறிக்கும் தண்ணீரோடு போய் விழும். கோழி கொதித்துவிடும், கிருமி செத்துவிடும். பச்சடி கொதிக்காது. இதைப் பயிற்சி வகுப்பில், ஆலை உணவகத்துக்கான பாதுகாப்பு விதிகளில் படித்திருக்கிறேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அம்மாவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தவிர. அதற்கு, "பச்சடி கொஞ்சமாகச் சாப்பிட்டிருக்கலாம்" என்று குறிப்புக் கட்டத்தில் எழுதிக்கொண்டேன். யாரையும் கேட்காமல். வேலையில் இப்படி யாராவது எழுதியிருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

பிறகு, காரணம் என்ற கட்டத்தில் "அம்மா" என்று எழுதினேன்.

அன்று மதியம் காட்டுப்பாக்கத்திலிருந்து பெரியம்மா வந்தார், அம்மாவின் அக்கா. ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"சம்பாதிக்கிற திமிருடி. போன்ல தட்டுனா வீட்டு வாசலுக்கு வருது. கண்டதையும் வரவழைச்சி நீயும் தின்னு அந்த மனுசனுக்கும் குடுத்திருக்க. உங்கப்பன் அங்க மூத்திரம் போவாம கெடக்கிறான்."

"வெளிய எதுவும் வாங்கல பெரியம்மா."

"பொய் சொல்லாத. உங்கம்மா சமையல சாப்ட்டு முப்பது வருசமா எவனுக்கு என்னா ஆச்சு?"

மூன்று நாளாகக் கேட்ட கேள்விகளோடு இதுவும் சேர்ந்தது. தலையணைக்கு அடியிலிருந்து தாளை எடுத்தேன். குரலை உயர்த்தவில்லை. கூட்டங்களில் அறிக்கை படிப்பது போல, வரி வரியாக, நிதானமாகப் படித்தேன். தொட்டி, தண்ணீர், பலகை, பச்சடி. கடைசிக் கட்டத்தையும் படித்தேன். நிமிர்ந்தபோது பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் கஞ்சி பிளாஸ்க். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் என்னைத் திட்டவில்லை. பிளாஸ்க்கை மேசையில் வைக்காமல், திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"முப்பத்தஞ்சு" என்றாள். அப்பாவின் அந்த மணி நேரத்துக் கணக்கு. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சகுந்தலா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்: "படிச்ச புள்ளன்னு நெனச்சேன்."

அடுத்த நாளிலிருந்து எனக்குக் கஞ்சி மருத்துவமனைச் சமையலறையிலிருந்து வந்தது. அம்மா வழக்கம் போலப் படியேறி வந்தாள், எண்ணைச் சொன்னாள், போனாள். நாற்பது. ஐம்பத்தைந்து. டயாலிசிஸ் தேவைப்படாது என்று சொன்ன செய்தியையும் அதே குரலில்தான் சொன்னாள். நான் அழுதேன். அவள் என் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், அவ்வளவுதான்.

கல்ச்சர் முடிவு வந்தது. சால்மோனெல்லா. டைபாய்டு கிருமியின் உறவு, ஆனால் அது அல்ல. கோழி, முட்டை, சரியாகக் காய்ச்சாத பால், அழுக்குக் கை, இவற்றின் வழியாக வயிற்றுக்குள் போவது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு நாளில் தானாகவே போய்விடுமாம். எனக்குக் குடலோடு நின்றது. அப்பாவுக்கு ரத்தத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. அதனால்தான் அந்தக் காய்ச்சல், அந்த அழுத்தக் குறைவு. ஊசி மருந்தை இன்னும் பத்து நாளாவது தொடர வேண்டும் என்றார்கள்.

ஐந்தாம் நாள் என்னை வார்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நேராகக் கீழே அப்பாவிடம் போனேன். கண்ணைத் திறந்து, தெளிவாக இருந்தார். சிஸ்டரோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"எல்லா மாத்திரையும் குடுக்கிறீங்க, அந்த வெறும் வயித்து மாத்திரைய மட்டும் அஞ்சு நாளா குடுக்கல. அத கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்றீங்க."

"என்ன மாத்திரை தாத்தா?"

"தாத்தாவா? இரு, தலைக்கு டை அடிச்சிட்டு வந்து உன்ன பேசிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "இதோ வந்துட்டா என் பொண்ணு. அவள கேளு. ரெண்டு வருசமா ஒரு நாள் தவறவிட மாட்டா. பல்லு தேச்சவொடனே கையில வச்சிடுவா."

கேஸ் மாத்திரை. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்செரிச்சலுக்காக ஆவடியில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. நான்கு வாரத்துக்கு மட்டும். எரிச்சல் போய்விட்டது. நான் நிறுத்தவில்லை. ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் மருந்துக் கடையில் மாதம் முதல் தேதி இரண்டு அட்டை. சீட்டு கேட்க மாட்டார்கள். கைபேசியில் நினைவூட்டல் வைத்திருந்தேன். ஆறு மாதமாக நான்கு அட்டை, நானும் தினம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். காலைச் சாப்பாடு இல்லாமல் காபி மட்டும் குடித்து வேலைக்கு ஓடினால் வயிறு எரியும், அதற்காக. அது மருந்து என்றே எனக்குத் தோன்றியதில்லை. பற்பசை போல. அதனால்தான் என் கச்சிதமான பட்டியலில் அது இல்லை.

அம்மா அந்த மாத்திரையை ஒரு நாளும் தொட்டதில்லை. பொருந்தாத வரி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் சாப்பாட்டுக்கு மட்டுமே கட்டம் போட்டிருந்தேன்.

டாக்டரை நானே தேடிப் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, அப்பாவின் சிகிச்சைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"வயித்துல இருக்கற அமிலம் சும்மா எரிய வைக்கிறதுக்கு இல்ல. சாப்பாட்டோட உள்ள போற கிருமில பெரும்பகுதிய அதுதான் கொல்லுது. இந்த மாத்திரை அமிலத்த குறைக்கும். புண்ணு இருக்கிறவங்களுக்கு அது அவசியம். தேவையில்லாம வருஷக்கணக்கா போட்டா, மத்தவங்க வயித்துல சாகிற கிருமி இவங்க வயித்துல சாகாம குடலுக்கு இறங்க வாய்ப்பு அதிகம். அதோட அப்பாவுக்கு வயசு, சுகர். மூணும் சேர்ந்துகிச்சு."

"அப்ப என்னாலதான்."

"அப்படிச் சொல்ல முடியாது. மாத்திரை கிருமிய கொண்டுவராது. கிருமி சாப்பாட்டுலதான் வந்திருக்கும். மாத்திரை போடாமலே படுக்கிறவங்களும் இருக்காங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "பேதி ஆகும்போது பிரஷர் மாத்திரைய நிறுத்தணுமான்னும் கேட்டிருக்கலாம். தண்ணி வத்தின உடம்புல அது கிட்னிய பாதிக்கும்" என்றார்.

அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், செவ்வாய் காலை. என் கைபேசி நினைவூட்டியது.

இதைப் படிப்பவர்களுக்காக, எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டர் சொன்னவற்றை எழுதுகிறேன். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். கழுவாமல் மனசு கேட்காது என்றால், ஒரு பாத்திரத்துக்குள் தெறிக்காமல் அலசி, கையையும் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடுவதை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு அப்புறம் கறியைத் தொடுங்கள், அல்லது இரண்டு பலகை வையுங்கள். முட்டையும் கறியும் முழுக்க வேக வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்பே எடுத்து வைத்துவிடுவது நல்லது. வீட்டில் அறுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்காரர், கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால் இதெல்லாம் இரண்டு மடங்கு. வயிற்றுப்போக்கோடு சிறுநீர் குறைந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்க வேண்டாம். கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எதற்காக, எத்தனை நாளுக்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். பெரும்பாலும் எனக்கு முன்பே தெரிந்தவைதான். தெரிந்ததை அடுத்தவர் மேல் பழி எழுதத்தான் பயன்படுத்தினேன்.

மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசிய அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, காரணம் நீ இல்ல."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அமிலம், கிருமி, நான்கு வாரம், இரண்டு வருடம். எதையும் விடவில்லை. அவள் கவனமாகக் கேட்டாள், நடுவில் ஒரு முறை தலையை ஆட்டினாள்.

"சரி. கிருமி எங்கருந்து வந்துச்சாம்?"

கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சொல்லுடி. நீதான் எழுதி வச்சிருந்தியே."

"கோழியிலருந்து வந்திருக்கலாம். உறுதியா தெரியாதும்மா. முட்டையா இருக்கலாம், பாலா இருக்கலாம்."

"கோழிய யாரு கழுவுனது?"

"அம்மா…"

"நீ வாங்கியாந்த மாத்திரை, நான் வச்ச கறி. அந்த மனுசன் ரெண்டையும் நம்பி முழுங்குனாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லார் எதிர்லயும் படிச்சியே. பெரியம்மா, அந்த இட்லிக்காரம்மா, சிஸ்டருங்க. என்ன மட்டும் தனியா கூப்ட்டு சொல்லியிருந்தா நான் என்ன, இல்லன்னா சொல்லியிருக்கப் போறேன்?"

மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றாள். அவள் விடவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

அப்பா வீட்டுக்கு வந்தார். பில்லில் பெரும்பகுதியை நிறுவனக் காப்பீடு பார்த்துக்கொண்டது, அதைப் பற்றிப் புலம்ப எனக்கு உரிமை இல்லை. மிச்ச ஊசிகளைத் தெருமுனைக் கிளினிக்கில் போட்டு முடித்தோம். கிரியாட்டினின் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. எட்டு கிலோ இளைத்திருக்கிறார். டாக்டர் சொல்லி அந்தக் கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டோம், நெஞ்செரிச்சல் திரும்ப வரவே இல்லை. மருத்துவமனையில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா பழையபடி சமைக்கிறாள். கோழி வாங்குவதில்லை, பச்சடி செய்வதில்லை. இரண்டு பலகை வாங்கி வந்தேன், இரண்டையும் பிரிக்காமல் பரண் மேல் வைத்துவிட்டாள். காய்கறி தவிர வேறெதுவும் அவள் நறுக்குவதில்லை. ஆனால் சமையல் முடிந்ததும் உடனே பரிமாறுவதில்லை. ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, அடுப்படியில் நின்றபடியே முதலில் தான் சாப்பிடுகிறாள். பிறகு பாத்திரங்களை மூடிவிட்டு, கூடத்துக்கு வந்து, கடிகாரத்துக்கு எதிரே உட்காருகிறாள். அரை மணி நேரம். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் எழுந்து அப்பாவுக்குத் தட்டு வைக்கிறாள். முப்பது வருடமாக எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் சாப்பிட்டவள்.

இந்தக் கிருமி வேலையைக் காட்டக் குறைந்தது ஆறு மணி நேரம் ஆகும், சில நேரம் ஆறு நாள். அரை மணி நேரத்தில் எதுவும் தெரியாது. அதோடு, அவள் வயிறு எங்கள் வயிறு அல்ல என்பதைத்தான் அந்த மருத்துவமனையில் நாங்கள் கண்டுபிடித்தோம். இதை நான் அவளிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கிறேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்கிறேன். அவளுக்கு இன்னொரு பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மதியம் அப்பா பசியில் பொறுமை இழந்துவிட்டார்.

"வள்ளி, சாப்பாடு?"

"இருங்க."

அவர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்கம்மாவுக்கு என்னாச்சு பாப்பா? ஆக்கி வச்சிட்டு தினமும் கடிகாரத்தயே பாத்துகிட்டு உக்காந்திருக்கா?"

"சூடு ஆறட்டும்னு வச்சிருக்காப்பா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார் அப்பா. அதையும் நம்பினார்.